ஆசிரியரின் காதில் விழுவது

“தம்பி, வேலையில சேர்ந்த உடனே பயங்கரவாதத்தைப் பத்தி ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி முடிக்கணுமாம். நாலாங்கிளாஸ் பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறதுதான் அவ வேலை. அதுக்கு எதுக்கு இது?”

லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் மகளைப் பற்றித்தான் அக்கா கேட்டார். அவரும் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்; ஒற்றை வரியில் பதில் சொன்னால் விடமாட்டார். டீ சூடாக இருந்தது, பேச நேரமும் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே சொன்னேன்.

2005 ஜூலை 7 காலை, லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். குண்டுகளைச் சுமந்து போனவர்கள் நால்வர். அவர்களில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள். மூத்தவரான முகமது சித்திக் கானுக்கு அப்போது 30 வயது. லீட்ஸ் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில், படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் வேலையில் இருந்தவர்.

“பள்ளிக்கூடத்திலேயா?” என்றார் அக்கா.

ஆமாம். வெளியிலிருந்து வருபவரை விமான நிலையத்தில் நிறுத்திவிடலாம். உள்ளூரில் பிறந்து, உள்ளூர்ப் பள்ளியில் வேலை பார்த்தவரை எங்கே நிறுத்துவது? பிரிட்டிஷ் அரசிடம் ‘கான்டெஸ்ட்’ என்றொரு பயங்கரவாத எதிர்ப்புத் திட்டம் 2003லிருந்தே இருந்தது. 2006ல்தான் அதை வெளியிட்டார்கள். அதற்கு நான்கு கிளைகள். குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பது ஒன்று. மக்களையும் இடங்களையும் காப்பது ஒன்று. தாக்குதல் நடந்துவிட்டால் சமாளிக்கத் தயாராக இருப்பது ஒன்று. ஒருவர் அந்தப் பாதையில் இறங்குவதற்கு முன்பே தடுப்பது நான்காவது. அதற்குப் பெயர் ‘பிரிவென்ட்’. மற்ற மூன்றையும் பெரும்பாலும் போலீஸ், உளவுத்துறை போன்றவை பார்த்துக்கொள்ளும். நான்காவது வேலைக்கு, ஓர் இளைஞனின் பேச்சும் சிநேகிதமும் மாறுவதைத் தினமும் பார்க்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் ஆசிரியர்தான் என்று அரசு முடிவுசெய்தது. அதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஒரு பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருப்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் அக்கா. அந்தக் கண் போலீசுக்கு வாய்க்காது.

ஆனால் தொடங்கிய விதம் சரியில்லை. முதல் ஆண்டுகளில் எந்த ஊராட்சிக்கு எவ்வளவு பணம் என்பதை அங்கே வாழும் முஸ்லிம்களின் எண்ணிக்கையை வைத்து நிர்ணயித்தார்கள். ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டு, அதே சமூகத்திடம் ஒத்துழைப்பும் கேட்டால் என்ன ஆகும்? 2010ல் நாடாளுமன்றக் குழு ஒன்றே இதைக் கண்டித்தது. பணம் பிரிக்கும் முறை பிறகு மாறியது. மனதில் விழுந்த காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை.

அடுத்தது 2015. சிரியாவில் ஐஎஸ் அமைப்பு ஓங்கியிருந்த நேரம். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் பகுதிப் பள்ளி மாணவி ஒருத்தி 2014 டிசம்பரில் சிரியாவுக்குப் போய்விட்டாள். போலீசார் அவளுடைய தோழிகளிடம் விசாரித்தார்கள். வாக்குமூலம் பெறப் பெற்றோரின் அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களை அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 15, 16 வயதுப் பெண்கள் அந்தக் கடிதத்தை என்ன செய்வார்கள்? ஒளித்து வைத்தார்கள். பிப்ரவரி 17 அன்று அவர்களில் ஷமீமா பேகமும் இரண்டு தோழிகளும் கேட்விக் விமான நிலையத்திலிருந்து இஸ்தான்புல் போய், அங்கிருந்து சிரியாவுக்குள் நுழைந்தார்கள். லண்டன் போலீஸ் தலைவர் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

பள்ளிகளைப் பிரிவென்டில் சட்டப்படி சேர்க்கும் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டத்துக்கு மகாராணியின் ஒப்புதல் கிடைத்தது அந்தப் பயணத்துக்கு ஐந்து நாள் முன்பு, பிப்ரவரி 12 அன்று. அதன் 26ஆம் பிரிவு, ஆட்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படாமல் தடுப்பதில் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. ஊராட்சி, மருத்துவமனை, சிறை எல்லாவற்றுக்கும் இது உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு 2015 ஜூலை 1 முதல் நடைமுறை. நர்சரிகளும் இதில் அடக்கம். அக்காவின் மகள் உட்கார்ந்த பயிற்சி இந்தக் கடமையிலிருந்து வந்தது.

“சரி, பார்த்தா யார்கிட்ட சொல்லணும்? நேரா போலீஸா?”

இல்லை. பயிற்சியில் மூன்று சொல் சொல்லித் தருகிறார்கள்: கவனி, சரிபார், பகிர். மனதை உறுத்தும் ஒன்றைக் கவனித்தால், முதலில் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் பேசிச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்று எது தெரிந்தாலும் போய்ச் சொல்கிற அதே ஆள்தான். அவருக்கும் கவலையாகப் பட்டால் படிவம் நிரப்பி அனுப்புவார். பயங்கரவாத எதிர்ப்புப் போலீஸ் அதை முதலில் பார்க்கும். பொருட்படுத்த வேண்டியது என்று தோன்றினால் ‘சானல்’ என்ற குழுவுக்குப் போகும். அதன் தலைமையில் ஊராட்சி அதிகாரி இருப்பார். கல்வி, மருத்துவம், சமூகநலம், போலீஸ் எல்லாத் துறையினரும் சுற்றி உட்கார்வார்கள். இளைஞரோடு பேச ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்வார்கள். மனநல ஆலோசனையோ படிப்புக்கு உதவியோ தேவைப்பட்டால் அதுவும் கிடைக்கும். சம்மதம் இல்லாமல் இதில் யாரையும் சேர்க்க முடியாது. சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். குற்றப் பதிவும் ஆகாது. ஆனால் விவரம் போலீஸ் கணினியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. பெற்றோர்களுக்கும் அதே கலக்கம்தான்.

அளவு தெரிய ஓர் ஆண்டுக் கணக்கைச் சொன்னேன். 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி அனுப்பப்பட்டவர்கள் 6,922 பேர். அவர்களில் 40 சதவீதத்தை அனுப்பியது கல்வித் துறை. போலீஸ் உட்பட வேறெந்தத் துறையும் அவ்வளவு அனுப்பவில்லை. வயதைப் பார்த்தால் 11 முதல் 15 வரை உள்ளவர்களே அதிகம், ஏறத்தாழ அதே 40 சதவீதம். சானல் குழு எடுத்துக்கொண்டது 512 பேரை, அதாவது நூற்றுக்கு ஏழு. மற்ற பலரை வேறு உதவிகளுக்குத் திருப்பிவிட்டார்கள்; சிலரிடம் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

கவலைப்பட ஒன்றுமில்லாத அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 2015ல் லண்டனில் 14 வயது முஸ்லிம் மாணவன் ஒருவன், பிரெஞ்சு வகுப்பில் சுற்றுச்சூழல் பற்றிப் பேச்சு வந்தபோது, காட்டை அழிப்பவர்களுக்கு எதிராக வன்முறையில் இறங்குபவர்களைப் பற்றிச் சொன்னான். அதற்கு வழங்கும் ‘எகோ டெரரிசம்’ என்ற பெயரையும் பயன்படுத்தினான். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னான், அவ்வளவுதான். சில நாள் கழித்து அவனை வகுப்பிலிருந்து தனியே அழைத்துப் போய், ஐஎஸ்ஸோடு தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். பெற்றோர் சட்ட நடவடிக்கையில் இறங்கினார்கள். சின்ன விஷயம் என்று இதைத் தள்ள முடியாது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகளும் இதைப் பார்த்திருப்பார்கள்.

“அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?” அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் பாடம் எடுத்தப்போ பிள்ளைங்க என்னவெல்லாம் கேட்டிருக்கு தெரியுமா? வீட்டுல அப்பா சொன்னதை அப்படியே வந்து ஒப்பிக்கும். தப்பாத்தான் இருக்கும். அது வாயில வந்தாத்தானே நான் ‘ஏன்டா அப்படிச் சொல்றே’ன்னு கேக்க முடியும்?”

பிரிட்டன் ஆசிரியர்கள் கேட்டதும் இதைத்தான். 2016ல் தேசிய ஆசிரியர் சங்கம் தன் மாநாட்டில் பிரிவென்டைக் கைவிடக் கோரித் தீர்மானம் போட்டது. கருத்தைச் சொன்னால் மேலே போட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் வந்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள், பேச்சு இணையத்துக்குப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டு ஜோயல் புஷர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இங்கிலாந்துப் பள்ளி, கல்லூரி ஊழியர்களிடம் கேட்டு எழுதிய அறிக்கை வேறொரு படத்தைக் காட்டியது. பெரும்பாலான ஊழியர்கள் இதைக் குழந்தைப் பாதுகாப்பின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் விவாதம் செத்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. சில பள்ளிகளில் விவாதத்துக்குக் கூடுதல் இடம்கூடக் கிடைத்திருந்தது. அதே ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், முஸ்லிம் மாணவர்கள் தாங்கள் குறிவைக்கப்படுவதாக உணர இது இடம் தருகிறது என்றும் சொன்னார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தவை. நல்ல மனதோடு ஒரு கடமையைச் செய்துகொண்டே, அது எதிரே இருக்கும் பிள்ளையைக் காயப்படுத்துமோ என்று பயந்துகொண்டும் இருக்கிறார்கள்.

இது முஸ்லிம் பிள்ளைகளோடு நிற்கிற சங்கதியும் இல்லை. விடுதலைப் புலிகள் 2001 முதல் பிரிட்டனின் தடைப் பட்டியலில் இருக்கும் அமைப்பு. லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ வளரும் ஈழத்துக் குடும்பப் பிள்ளை ஒன்று, தாத்தா வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் சித்தப்பாவின் சீருடைப் படத்தைப் பற்றி வகுப்பில் சொல்லலாம். அதைக் கேட்கும் ஆசிரியர் பதறிப்போய்ப் படிவத்தைத் தேடலாம். ஒரு குடும்பத்தின் இழப்பையும் ஒரு போரின் வரலாற்றையும் அந்தப் பிள்ளை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று உட்கார்ந்து கேட்கவும் செய்யலாம். எந்த வழியில் போவார் என்பது அவருடைய படிப்பையும் நிதானத்தையும் பொறுத்தது. ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி அந்த நிதானத்தைத் தந்துவிடாது.

2014ல் பள்ளிகள்மேல் இன்னொரு கடமையும் வந்தது. பர்மிங்ஹாமின் சில பள்ளிகளைக் கடும்போக்கு முஸ்லிம்கள் கைப்பற்றச் சதி செய்வதாக ஓர் அநாமதேயக் கடிதம் வெளியாகி, நாடே கொதித்தது. கடிதம் போலி என்றே பரவலாகக் கருதப்படுகிறது. அந்தச் சூட்டில், ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், மாற்று நம்பிக்கை கொண்டோரிடம் மரியாதையும் சகிப்புத்தன்மையும் ஆகியவற்றை ‘அடிப்படை பிரிட்டிஷ் விழுமியங்கள்’ என்று பள்ளிகள் வளர்க்க வேண்டும் என அரசு அறிவித்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பார்க்க வேண்டுமே என்று பல பள்ளிகள் போஸ்டர் அடித்துச் சுவரில் ஒட்டின. நல்ல விழுமியங்கள்தான். அவற்றுக்கு ஒரு நாட்டின் பெயரை மட்டும் ஒட்டியதால் பல பிள்ளைகள் விலகி நின்றன என்று பல ஆசிரியர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. ஜனநாயகத்தைப் பாடமாகவே நடத்த ஒரு வகுப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. பெர்னார்ட் கிரிக் தலைமையிலான குழு 1998ல் பரிந்துரைத்து, 2002 முதல் இங்கிலாந்து மேல்நிலைப் பள்ளிகளில் குடியுரிமைக் கல்வி கட்டாயப் பாடமானது. பிறகு ‘அகாடமி’ என்ற தன்னாட்சிப் பள்ளிகள் பெருகின. அவற்றுக்குத் தேசியப் பாடத்திட்டம் கட்டாயமில்லை. சண்டையில்லாமல் கருத்து மாறுபடப் பழகும் பாடவேளை சுருங்கிய காலத்தில்தான், பிள்ளைகளைக் கண்காணிக்கும் கடமை பெருகியது.

ஜெர்மனியில் வகுப்பு விவாதத்துக்கு ஒரு பழைய உடன்பாடு உண்டு. 1976ல் ஸ்டுட்கார்ட் பக்கத்திலுள்ள பொய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கல்வியாளர்கள் கூடிப் பேசியதில் உருவானது. ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணித்து அவர்களைத் திக்குமுக்காட வைக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். தன் நிலை என்ன, தன் நலன் எது என்று ஆராயும் திறன் மாணவனுக்கு வர வேண்டும். சட்டமாக எழுதாத இந்த மூன்றும் இன்றுவரை அந்நாட்டு அரசியல் கல்விக்கு அடித்தளம். பிரிட்டனிலும் 1996 கல்விச் சட்டம் ஒருதலைப்பட்ச அரசியல் போதனையைத் தடுத்து, எதிரெதிர்க் கருத்துகளைச் சமநிலையோடு வைக்கச் சொல்கிறது. ஆக, விவாதிக்கச் சட்டமே இடம் தருகிறது. ஆசிரியருக்குத் தைரியம் தருவதுதான் பாக்கி.

“அப்போ இந்தச் சொல்லிவிடுற வேலையே வேண்டாம்கிறியா?”

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2014ல் தெற்கு லண்டனில் ஒரு பள்ளி, நன்றாகப் படித்த 17 வயது மாணவன் ஒருவனின் படிப்பும் வருகையும் சரிவதையும் போக்கு மாறுவதையும் கவனித்துத் தகவல் கொடுத்தது. பெயர் அலி ஹர்பி அலி. சானல் எடுத்துக்கொண்டது. வழிகாட்டி அவரை மெக்டொனால்ட்ஸ் கடையில் ஒரே ஒரு முறை சந்தித்தார். சில மாதங்களில் கோப்பு மூடப்பட்டது. 2021 அக்டோபர் 15 அன்று, தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த எம்.பி. டேவிட் ஏமெஸை அவர் குத்திக் கொன்றார்.

சவுத்போர்ட் என்ற ஊரில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2024 ஜூலை 29 அன்று, நடன வகுப்புக்கு வந்திருந்த மூன்று சிறுமிகளை 17 வயது ஆக்ஸல் ருடகுபானா குத்திக் கொன்றான். அவனைப் பற்றி 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று முறை பிரிவென்டுக்குத் தகவல் போயிருந்தது. மூன்றும் பள்ளி வழியாக. முதல் முறை அவனுக்கு 13 வயது. பள்ளிக் கணினியில் அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச் சூடுகளைத் தேடிக்கொண்டிருந்தான். மூன்று முறையும் போலீசார் சானலுக்கு அனுப்பாமலே மூடினார்கள். எந்தச் சித்தாந்தமும் தெரியவில்லை என்பது காரணம். 2025 பிப்ரவரியில் வெளியான ஆய்வு, அவசரப்பட்டு மூடிவிட்டார்கள் என்றது. சித்தாந்தத்தைத் தேடியதில் அந்தப் பையனின் வன்முறை மோகமும் மனநிலையும் கண்ணில் படாமல் போயின. ஒரு முறை பெயரையே தவறான எழுத்தில் பதிந்திருந்தார்கள்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “டீச்சருங்க சொல்லியிருக்காங்களே” என்றார்.

சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியரின் கண் தப்பு செய்யவில்லை. நல்ல பிள்ளையைத் தவறாகப் பார்த்த இடங்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிர் போன இந்த இரண்டு இடங்களிலும் பள்ளி சரியாகத்தான் பார்த்தது. பள்ளியின் தலையில் கடமையை வைத்த அரசு, பள்ளி சொன்ன பிறகு தன் பங்கைச் செய்யவில்லை. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் ஆசிரியர்களுக்கு இன்னும் பயிற்சி என்றே அறிவிப்பு வருகிறது. படிவம் போய்ச் சேரும் மேசையில் போதிய ஆளும் நேரமும் உண்டா என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

மேசைக்கு வரும் பிள்ளைகளும் மாறிவிட்டார்கள். 2025 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் எண்ணிக்கை 8,778 ஆக ஏறியது. அதுவரை இல்லாத உயரம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் குறிப்பிட்ட சித்தாந்தம் எதுவும் இல்லை. சித்தாந்தம் தெரிந்தவர்களில் இஸ்லாமியவாதத்தைவிட வலதுசாரித் தீவிரப்போக்குத்தான் அதிகம். மிச்சப்பேரில் கொலைக் காட்சிகளிலும் பெண் வெறுப்பிலும் பள்ளிப் படுகொலைகளிலும் மனம் சிக்கிய பையன்களும் உண்டு. சிறுவன் ஒருவன் செய்யும் கொலையைப் பற்றிய ‘அடோலசென்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 2025ல் வந்தபோது, மேல்நிலைப் பள்ளிகளில் அதை இலவசமாகத் திரையிடும் ஏற்பாட்டுக்குப் பிரிட்டிஷ் அரசு ஆதரவு தந்தது இந்தக் கவலையால்தான். பிரிவென்டின் இடைக்கால ஆணையராக இருந்த டேவிட் ஆண்டர்சன் அதே ஆண்டு ஜூலையில் கொடுத்த அறிக்கையில், சித்தாந்தம் இல்லாவிட்டாலும் வன்முறையில் மோகம் கொண்டவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றார்.

டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்தையும் அக்காவுக்குச் சொன்னேன். அந்நாட்டில் பள்ளி, சமூகநலத் துறை, போலீஸ் மூன்றும் சேர்ந்து உட்காரும் வழக்கம் 1970களிலிருந்தே உண்டு. பயங்கரவாதத்துக்காகத் தொடங்கியது இல்லை. பையன்கள் திருட்டு, போதை என்று போகாமல் தடுக்கத் தொடங்கியது. 2013ல் அந்த நகரத்திலிருந்து சுமார் 30 இளைஞர்கள் சிரியா போனபோது, புதிதாகச் சந்தேக இலாகா திறக்காமல் அந்தப் பழைய கூட்டையே பயன்படுத்தினார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வழிகாட்டியும் படிப்பும் வேலையும் தேடிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு போனவர் ஒருவர் மட்டும். எல்லாப் பெருமையும் இந்த முறைக்கே சேரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஆசிரியரும் போலீஸ்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பல வருடமாக அறிந்தவர்கள். ஒரு பையனைப் பற்றி ஆசிரியர் சொன்னால் அது படிவ எண்ணாகிக் காணாமல் போகாது.

மகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றும் அக்கா கேட்டார். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே கேட்டாய், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கட்டும். உண்மையிலேயே பயம் தட்டினால் தாமதிக்காமல் பொறுப்பாளரிடம் போகட்டும். தான் பார்த்ததையும் கேட்டதையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய், என்ன ஆயிற்று என்று கேட்கட்டும். பதில் வரவில்லையென்றால் மறுபடியும் கேட்கட்டும். ஏமெஸ் கொலை பற்றிய ஆய்வு 2025ல் வெளியானபோது, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் டான் ஜார்விஸ் நாடாளுமன்றத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டார். தகவல் கொடுத்த பள்ளியை, ஆபத்து எவ்வளவு, எந்த உதவி பொருந்தும் என்று முடிவுசெய்த பேச்சுகளில் சேர்த்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பையனைத் தினமும் வகுப்பில் பார்த்த ஆசிரியர்களை அந்த மேசைக்கு யாரும் கூப்பிடவில்லை.